உலகக் கோப்பை யாருக்கு? – கணிக்கும் விதம்

வளைகோல் பந்தாட்டம் எனப்படும் ஹாக்கி நம் பகுதிக்குப் புதியதன்று. சிவகாசி, சாத்தூரைப் போலத் தீப்பெட்டிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் வீரர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆடவர் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. 24 நாடுகள் நம் வாசலுக்கே வந்தன எனலாம். இத்தகைய போட்டிகளில் எந்த நாட்டுக்கு வாய்ப்பு அதிகம் என்பதை வெறும் ஆசையால் அன்றி, காரணங்களால் கணிப்பது எவ்வாறு? அந்தப் போட்டியையே பாடமாகக் கொண்டு பார்ப்போம்.

முதலாவது, பழைய வரலாறு. 2025-க்கு முன் ஜெர்மனி இக்கோப்பையை 7 முறை வென்றிருந்தது. 2023-இல் வென்றதும் அதுவே. இந்தியா 2001, 2016 ஆகிய ஆண்டுகளில் வென்றிருந்தது. 21 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் போட்டியாதலால் ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பர். ஆயினும் ஒரே நாடு திரும்பத் திரும்ப வெல்கிறதென்றால், அது பயிற்சி முறையின் பலனன்றி வேறென்ன?

இரண்டாவது, எதிரணியின் தரம். முதற்சுற்றில் இந்தியா சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என வென்றது. மொத்தம் 29 கோல்கள். எதிரணிகள் ஒன்றுகூடப் போடவில்லை! சரவெடி போன்ற இந்த வெற்றியைக் கண்டு கோப்பை நமக்கே என எண்ணத் தோன்றும். ஆனால் காலிறுதியில் பெல்ஜியம் 2-2 எனச் சமன் செய்தது. அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என நம்மை வென்றது. எளிய அணிகளிடம் அடித்த கோல்களை எண்ணி வலிமையை அளக்கலாகாது.

மூன்றாவது, நெருக்கடியில் நிதானம். ஆட்டம் சமனில் முடிந்தால் 'ஷூட் அவுட்' வைக்கப்படும். தாக்கும் ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் புறப்பட்டு, 8 விநாடிக்குள் கோல் போட வேண்டும். எதிரே கோல்காப்பாளர் ஒருவர் மட்டுமே. பெல்ஜியத்தை இந்தியா 4-3 என இம்முறையில்தான் வென்றது. இறுதியாட்டமும் 1-1 என முடிய, ஸ்பெயினை ஜெர்மனி 3-2 என வென்று எட்டாம் முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கிய இந்தியா, கடைசி 11 நிமிடங்களில் 4 கோல்கள் போட்டு வெண்கலம் பெற்றது. தோல்விக்குப் பின்னும் மனம் தளராமையும் ஒரு வலிமையன்றோ!

இனி மகளிர் ஆட்டத்தைப் பார்ப்போம். 1974 முதல் 2022 வரை நடந்த 15 மகளிர் உலகக் கோப்பைகளில் 9 நெதர்லாந்துக்கே கிடைத்தன. இந்திய மகளிர் 1974-இல் நான்காம் இடம் பெற்றனர். இளையோர் மகளிர் 2013-இல் வெண்கலம் வென்றனர்; 2022-இல் நான்காம் இடம் பெற்றனர்; 2025-இல் சிலி நாட்டில் பத்தாம் இடத்தையே அடைந்தனர். நெதர்லாந்தில் சிறுமியர் இளமையிலேயே கழகங்களில் சேர்ந்து ஆடுகின்றனர். வளர்ந்த பின்னும் விடுவதில்லை. நம் வீடுகளிலோ, பத்தாம் வகுப்பு வந்ததும் "இனி விளையாட்டுப் போதும்" என்ற சொல் எழுகிறது. கால் வலுப்பெற்று, ஆட்டம் கைவரும் வயதில் மட்டை மூலைக்குப் போய்விடுகிறது.

ஆகவே ஒரு நாட்டின் வாய்ப்பு போட்டி தொடங்கும் நாளில் தீர்மானிக்கப்படுவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பே, பள்ளி மைதானங்களில் எத்தனை சிறுமியர் ஓடினர் என்பதைக் கொண்டே தீர்மானமாகிவிடுகிறது. பெற்றோரே, தேர்வு ஆண்டிலும் மாலையில் ஒரு மணி நேரத்தை எங்களுக்கு விட்டுவையுங்கள். தோழியரே, அந்த ஒரு மணி நேரத்தை நாம் வீணாக்காதிருப்போம்!