உஷார்! கதிர்காமத்துக்கு வேன் பிடிக்கிறவர்களே, எல்ல இறக்கத்தில் இரவில் இறங்காதீர்கள்!

டிசம்பர் வந்துவிட்டால் தோட்டத்துக்குத் தோட்டம் இதே பேச்சுதான். பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. மாதாமாதம் கட்டிய சீட்டுக்காசு கைக்கு வந்திருக்கிறது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் வேன்காரர்களுக்குக் கைத்தொலைபேசி ஓய்வதில்லை. இந்தக் குளிரை விட்டு இறங்கித் தெற்கே போய்வர வேண்டும்: கதிர்காமம், திஸ்ஸமகாராமை, பிள்ளைகள் கேட்டால் அம்பாந்தோட்டைக் கடல், அப்படியே காலி வரை.

தாராளமாகப் போய் வாருங்கள். வருடம் முழுக்க மலையில் உழைக்கிற குடும்பங்களுக்கு இந்தப் பயணம் அவசியம். ஆனால் புறப்படும் நேரத்தை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். இந்த ட்ரிப்பில் உயிருக்கு ஆபத்து எங்கே என்பது, வேன் கிளம்பும் முன்பே, நீங்கள் குறிக்கும் நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

இரவு பத்து மணிப் புறப்பாடு

பெரும்பாலான குழுக்கள் போடும் திட்டம் ஒன்றுதான். வேலை முடிந்து, சோறு கட்டி, இரவு பத்து மணிக்கு ஹட்டனில் ஏறினால் விடியும்போது மாணிக்க கங்கையில் முழுகலாம். ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சம்.

இனி வழியைப் பிரித்துப் பாருங்கள். நுவரெலியா, ஹக்கல, வெலிமடை, பண்டாரவளை கடந்து எல்ல நகருக்கு வரும்போது மணி இரண்டைத் தொட்டுவிடும். அங்கேதான் வெல்லவாய இறக்கம் தொடங்குகிறது. எல்ல, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீற்றர் உயரம். வெல்லவாய சுமார் 200 மீற்றர். இடைத்தூரம் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. அதற்குள் 800 மீற்றர் இறங்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், வழி நெடுக வளைவு. பகல் முழுக்க வேறு வாடகைக்கு ஓடிவிட்டு வந்த சாரதி, மனித உடம்புக்குத் தூக்கம் மிக அழுத்தமாக வரும் அந்த நேரத்தில், ஆட்களும் சாமான்களும் நிறைந்த வேனை இந்த இறக்கத்தில் இறக்குகிறார். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் உறக்கத்தில்.

நடந்ததை மறக்காதீர்கள்

2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு. தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா முடிந்து இதே வீதியில் தெற்கே, தங்கள் ஊருக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் எதிரே வந்த வாகனத்தில் மோதி, வீதியோரத் தடுப்பை உடைத்துக்கொண்டு ஆயிரம் அடி அளவான பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 15 உயிர்கள் போயின. ஊர் சுற்றி முடித்த களைப்பு, இருட்டு, நீண்ட இறக்கம், நிறைந்த பஸ். நம் ட்ரிப்களிலும் இவை நான்கும் ஒன்றுசேர்கின்றன.

அதே வருடம் மே 11ஆம் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன அரச பஸ் ஒன்று கொத்மலை கெரண்டியெல்லவில் பள்ளத்தில் பாய்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேரம் விடியாத காலை. பஸ்ஸில் 70க்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள்.

2023 ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி. கொழும்புப் பாடசாலை மாணவர்களைச் சுற்றுலா ஏற்றிவந்த பஸ், வேன் ஒன்றோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியது. வேனில் இருந்த ஆறு பேரும் முச்சக்கரவண்டிச் சாரதியும் மாண்டார்கள். அந்த வழியில் தூரம் குறைவு, இறக்கமோ செங்குத்து. நேரத்தை மிச்சம் பிடிக்கப் பெரிய வாகனத்தைக் குறுக்கு வீதியில் திருப்பாதீர்கள்.

2021 மார்ச் 20ஆம் திகதி, பசறை 13ஆம் கட்டை. மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறை வீதியின் ஒரு பாதியை அடைத்துக் கிடந்த இடத்தில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் விலகிப்போக முயன்று பள்ளத்தில் சரிந்தது. குறைந்தது 14 பேர் இறந்தார்கள்.

ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு சாரதியை மட்டும் திட்டித் தீர்க்கிறோம். நேரத்தைக் குறித்தவர், ஆட்களை நெருக்கி ஏற்றியவர், "சுருக்கா போங்க அண்ணே" என்று அவசரப்படுத்தியவர் ஆகியோரை யாரும் கேட்பதில்லை. பல ட்ரிப்களில் அவர்கள் நாமேதான்.

பிரேக் எப்படிக் கைவிடுகிறது?

பதினைந்து பேரோடும் சாமானோடும் ஒரு வேன் ஏறக்குறைய 3 தொன் எடை. அதை 800 மீற்றர் கீழே இறக்கும்போது, வேகம் கூடாமல் பிரேக்கால் மட்டுமே பிடித்தால், 75 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய சூடு நான்கு சில்லுகளிலும் ஏறுகிறது. ஆற நேரமில்லாமல் சூடு ஏற ஏற, பிரேக் லைனிங் பிடிமானத்தை இழக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. வருடக்கணக்காக மாற்றாத எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அது சீக்கிரம் கொதித்து ஆவியாகும். பிறகு மிதிக்கிற மிதி ஆவியைத்தான் அமுக்கும், சில்லைப் பிடிக்காது. காற்றுப் பிரேக் உள்ள பஸ்ஸில் வேறு ஆபத்து: அடிக்கடி மிதித்து மிதித்து விட்டால் டாங்கியில் காற்று தீர்ந்துபோகும்.

இதற்கு மருந்து கியர்தான். எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். தேவைப்பட்டால் அதற்கும் கீழே போடுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும், வேகம் பிடித்த பிறகு முயன்றால் கியர் விழாமல் போகலாம். வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை இடையிடையே அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுவதுமாக விட்டு ஆற விடுங்கள்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்கும் பழக்கம் கொலைக்கு ஒப்பானது. கியரில் இருக்கும் வண்டி, அக்சிலேட்டரை மிதிக்காமல் இறங்கும்போது எஞ்சினுக்கு எண்ணெய் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எண்ணெய் எரியும். எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டினால் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

பின்னால் பெட்டி இழுப்பவர்களுக்கு

டிசம்பரில் கனடாவிலிருந்து வரும் உறவினர்களுக்கு டிரெயிலர் புதிதல்ல. அங்கே பனிக்காலத்தில் வீடு போன்ற பெட்டியைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு புளோரிடா வரை இறங்குகிறவர்கள் ஏராளம். வட அமெரிக்க மலைப் பாதைகளில் நீண்ட இறக்கத்துக்கு முன்பே குறைந்த கியர் போடச் சொல்லும் பலகை இருக்கும். பிரேக் விட்டுப்போன லொறி ஏறி நிற்க, சரளை கொட்டிய தப்பிக்கும் தடமும் பல இடங்களில் உண்டு. நம் மலைவீதியில் அப்படி ஒரு தடம் வரும் என்று நம்பி யாரும் இறங்கக்கூடாது.

சமையல் பாத்திரம், கூடாரம், ஒலிபெருக்கி என்று பின்னால் பெட்டி கட்டி இழுக்கும் எண்ணம் இருந்தால் எல்ல வழியை விட்டுவிடுங்கள். இறக்கத்தில் பெட்டியின் எடை வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். ஈரமான வளைவில் பிரேக்கை அழுத்தினால் பெட்டி பக்கவாட்டில் வீசி, முன் வண்டியையும் மடக்கிவிடும். வேனின் கூரைமேல் சாமான் குவிப்பதும் ஆபத்துதான். மேலே பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். அண்டா, அரிசி மூட்டை எல்லாம் கீழே, ஆசனத்துக்கு அடியில் போகட்டும். கேஸ் சிலிண்டரை ஆட்களோடு ஏற்றவே கூடாது.

மழையும் மண்ணும்

டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை ஊவாப் பக்கத்தில் விழும். ஹக்கலவிலும் பண்டாரவளையிலும் மாலையானால் மூடுபனி இறங்கும். எல்ல வேண்டாம் என்று பெரகல, கொஸ்லந்த வழியாகத் திருப்பினாலும் நிம்மதி இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது இந்தக் கொஸ்லந்தப் பக்கத்தில்தான். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, வீதிகளும் ரயில் பாதையும் சிதைந்தன. ஒருமுறை சரிந்த சரிவு அடுத்த மழையிலும் அசையும்.

ஆகவே புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது குடியிருப்பவர்களையே வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை. வீதி திறந்திருக்கிறதா என்பதை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117இல் கேட்கலாம்.

அப்படியானால் எப்படிப் போவது?

காலை ஐந்து மணிக்கு ஹட்டனில் புறப்படுங்கள். ஒன்பது பத்து மணிக்குள் எல்ல. அங்கே அரை மணி நேரம் நின்று, சாரதி தேநீர் குடித்து, பிரேக்கைச் சரிபார்த்து, வெளிச்சத்தில் இறங்குங்கள். மதியம் கதிர்காமம், மாலைப் பூசை பார்த்து இரவு தங்குங்கள். திரும்பும் நாளிலும் விடிகாலையில் கிளம்புங்கள். மத்தியானச் சோறு உண்டு கிளம்பினால் நுவரெலியா தாண்டி நானுஓயா இறக்கத்துக்கு வரும்போது இருட்டும் பனியும் சேர்ந்துவிடும்.

பஸ்ஸாக இருந்தாலோ, பாரம் அதிகமென்றாலோ ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கித் தெற்கு அதிவேக வீதியைப் பிடியுங்கள். அது 2020இல் மத்தள வரை நீண்டுவிட்டது. தூரம் கூடும், கட்டணமும் உண்டு, கித்துல்கல வரை இறக்கமும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு எல்ல இறக்கம் போன்ற ஒன்று இந்த வழியில் இல்லை. ஒன்று மட்டும்: உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கும். போயா நாட்களிலும் வார இறுதிகளிலும் ஹட்டன் வீதி, மலைவீதி பழகாத சாரதிகளால் நிறைந்திருக்கும். அந்த நாட்களைத் தவிர்த்துத் திகதி குறியுங்கள்.

வெல்லவாயவிலிருந்து புத்தல வழியாகக் கதிர்காமம் போகிறவர்கள் அந்தக் காட்டு வீதியைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். யானை வழி மறித்தால் தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். பழம், சோறு எதையும் நீட்டாதீர்கள். தீனி கொடுத்துக் கொடுத்துத்தான் அவை வாகனத்துக்குள் தும்பிக்கை விடப் பழகின.

முற்பணம் கொடுக்கும் முன்

வேனை நேரில் போய்ப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். பழைய டயரோ, தேய்ந்த டயரோ, முன்சில்லில் ரீபில்ட் டயரோ இருந்தால் வேறு வேன் பாருங்கள். பிரேக் எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு சாரதி தூங்கினாரா என்று அவர் வீட்டாரிடமே விசாரியுங்கள். ஆசனம் எத்தனையோ அத்தனை பேர் மட்டும் ஏறுங்கள். மடியில் பிள்ளை என்பதும் ஓர் ஆள்தான்.

இறக்கத்தில் இருவர் விழித்திருங்கள். ஒருவர் சாரதிக்குப் பக்கத்தில். கருகிய வாடை வந்தாலோ, பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ உடனே அகலமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, எல்லோரும் இறங்கி மலைப்பக்கமாக நில்லுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் வெடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். ஓடும்போதே பிரேக் போய்விட்டால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, ஹோர்ன் அடித்துக்கொண்டே வண்டியை மலைப்பக்கக் கானில் உரசி நிறுத்த வேண்டும். பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் திருப்பக்கூடாது. அம்புலன்சுக்கு 1990, பொலிஸுக்கு 119. இரண்டையும் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள்.

தோட்டத் தலைவர்மாரே, கோயில் நிர்வாகத்தாரே, இளைஞர் மன்றத்துத் தம்பிமாரே! உங்கள் ஊரில் இந்த மாதம் எந்த ட்ரிப் போட்டாலும், இரவு பத்து மணிப் புறப்பாட்டை இன்றே காலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள். ஒரு ராத்திரி அறை வாடகையைக் கூடுதலாகச் சீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் அந்த வேனில் உங்கள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.