சோம்பேறியா, சோகையா?

தர்மபுரியில் ஒரு தாய் மகளின் மதிப்பெண் அட்டையை நீட்டினார். ஆசிரியர் குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: லெத்தார்ஜிக். "சோம்பேறின்னு எழுதியிருக்காங்களா? பாவம், ஒடம்புல தெம்பே இல்லீங்க அவளுக்கு" என்றார்.

கிரேக்கத்திலிருந்து வந்த சொல் அது. மறதியும் செயலற்ற தன்மையும் சேர்ந்து பிறந்தது. வள்ளுவரும் தாமதம், மறதி, சோம்பல், தூக்கம் நான்கையும் ஒரே குறளில் வைத்துக் கண்டிக்கிறார். ஆனால் நம் பேச்சுவழக்கு நுட்பமானது. வேலை செய்தால் களைப்பு, பயணம் போனால் அலுப்பு, அதிகம் உண்டால் மந்தம், காரணம் தெரியாமல் உடம்பு ஓய்ந்தால் அசதி. மனசு வைக்காதவனுக்கு மட்டுமே சோம்பேறிப் பட்டம். ஆங்கிலச் சொல்லோ அசதியையும் சோம்பலையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

அதே சொல்லை மருத்துவர் சொன்னால் கதையே வேறு. ஐந்து வயதுக்குட்பட்ட நோயுற்ற குழந்தை 'லெத்தார்ஜிக்' என்றால் அது அபாய அறிகுறி; உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவசரம், வகுப்பறையில் வசவு!

அந்த மகளின் அசதிக்குக் காரணம் ரத்தசோகையாகவும் இருக்கலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாயில் இழக்கும் இரும்புச்சத்தைச் சாப்பாடு ஈடுகட்டாவிட்டால், வளரும் பெண்ணுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், பாடத்தில் கவனம் நிற்காது. பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். அதனாலேயே அது பையோடு வீடு திரும்புகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கேழ்வரகுக் களி தின்னும் ஊருக்கு ஏது சோகை என்பார்கள். ஆனால் கேழ்வரகின் பெருமை சுண்ணாம்புச்சத்தில்தான். இரும்புச்சத்தில் கம்பு அதை முந்தும்.

ராத்திரி முழுக்க செல்போன் பார்த்தால் பகலில் தூங்கத்தான் செய்வார்கள் என்கிறார்கள் ஆசிரியர்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் செல்போனைக் குறை சொல்வதற்குமுன் ரத்தத்தைப் பார்த்துவிடலாமே? ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது சோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துச் சொல்வார்கள்.

ஆசிரியர்களே, அந்தக் கட்டத்தில் 'ரத்தப் பரிசோதனை செய்யவும்' என்று எழுதுங்கள். அந்தத் தாய்க்கு அகராதி தேவைப்படாது.