தொட்டி மூடியைத் திறந்தவர்கள்

துளையிடும் கோபுரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் வயல்களின் சேமிப்புத் தொட்டிகளில் நடப்பது அப்படியல்ல. அமெரிக்காவில் 2010 தொடங்கி 2015 மார்ச் வரை ஒன்பது தொழிலாளர்கள் இத்தொட்டிகளில் இறந்தார்கள். சுமார் 20 அடி உயரத்தில் உள்ள நடைமேடைக்கு ஏறி, மேல்மூடியைத் திறந்து, நாடாவை இறக்கி எண்ணெய் மட்டத்தை அளப்பது அல்லது மாதிரி எடுப்பதுதான் அவர்கள் செய்த வேலை. சரிந்து கிடந்தவர்களைப் பிறகு வந்தவர்கள் கண்டார்கள். சில மரணங்களுக்கு முதலில் இதயநோயே காரணமாக எழுதப்பட்டது. விபத்துப் பதிவேட்டில் 'விழுதல்' ஓரிடத்திலும் 'வாயு' வேறிடத்திலும் இருக்கும்வரை இந்த மரணங்கள் நம் கண்ணில் படப்போவதில்லை. கீழே கிடப்பவர் தவறி விழுந்தாரா, மயங்கி விழுந்தாரா என்று யாரும் கேட்காமல் கோப்பு மூடப்படுகிறது.

கிணற்றிலிருந்து வரும் எண்ணெயில் புரொப்பேனும் பியூட்டேனும் கரைந்திருக்கும். அழுத்தம் குறையக் குறைய அவை பிரிந்து தொட்டியின் மேற்பகுதியில் தேங்கும். மூடியைத் திறந்ததும் குனிந்திருப்பவரின் முகத்தில் பாய்வது அந்த ஆவிதான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். ஆவி பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது சுமார் 10 சதவீதமாகிவிடும். நினைவு தப்ப அதிக நேரம் தேவையில்லை. இறந்த சிலருக்கு ஏற்கெனவே இதயநோய் இருந்ததே என்று சிலர் சொல்லலாம். இருந்திருக்கலாம். ஆனால் இதே ஆவிகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்க வல்லவை என்பது மருத்துவம் அறிந்த செய்தி. இறந்தவர்களில் இருபதுகளில் இருந்த இளைஞரும் உண்டு. பிரேதப் பரிசோதனையில் அடைபட்ட ரத்தக்குழாயைக் கண்டதும் தேடலை நிறுத்துவது, தொட்டியை விசாரிக்காமலே விடுவிப்பதாகும்.

பாதுகாப்பு பெல்ட்டும் முகமூடியும் போதாதா என்பது அடுத்த கேள்வி. பெல்ட் கீழே விழாமல் தாங்கும். மூடிக்கருகே மயங்கியவரை அந்த ஆவிக்குள்ளேயே தொங்கவும் வைக்கும். வடிகட்டி முகமூடி நச்சைத் தடுக்கலாம், இல்லாத ஆக்ஸிஜனைத் தராது. சட்டைப்பையில் மாட்டும் வாயு எச்சரிக்கைக் கருவி அவசியம்தான், ஆனால் அது அலறும்போது அவர் ஏற்கெனவே ஆவிக்குள் இருக்கிறார். ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் இடத்தில் மூக்கையும் நம்ப முடியாது: சுமார் 100 பிபிஎம் அளவில் அந்த அழுகிய முட்டை நாற்றமே தெரியாமல் போய்விடும். 2019இல் டெக்சாஸின் ஒடெசாவில், ஒரு பம்ப் நிலையத்தில் தனியாக வேலைபார்த்தவர் இந்த வாயுவால் இறந்தார். அவரைத் தேடி வந்த மனைவியும் இறந்தார்.

ஆகவே மூடியைத் திறக்கும் தேவையையே இல்லாமல் ஆக்க வேண்டும். கையால் அளந்தால்தான் கணக்குத் துல்லியமாக இருக்கும் என்ற பழைய வாதத்துக்கு இப்போது வலுவில்லை. மூடியைத் திறக்காமலே அளப்பதற்கான முறைகளை அமெரிக்க பெட்ரோலியக் கழகம் 2016இல் வரையறுத்துவிட்டது. தானியங்கி அளவீட்டுக்குச் செலவாகும் என்பது உண்மை. சிறிய நிறுவனங்கள் உடனே மாற முடியாவிட்டால், ஆவியைப் பாதுகாப்பாக வெளியேற்றும் வரை யாரையும் மேலே அனுப்பாமல் இருக்கலாம். ஏறுபவருக்குக் காற்று உருளையுடன் கூடிய சுவாசக் கருவி தந்து, அவரைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவரை நிறுத்தலாம். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை, இரண்டாவது ஆளின் கூலி வேண்டும்.