சுய முன்னேற்ற நூல்களால் பயன் உண்டா?

எந்தப் பெரிய ரயில்வே ஸ்டேஷனிலும் புஸ்தகக் கடைக்கு எதிரே இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். பணம் சேர்க்க ஒரு நூல், பயத்தைப் போக்க ஒரு நூல், அதிகாலையில் எழுந்திருக்க ஒரு நூல், எழுந்த பின் என்ன செய்வது என்பதற்கு இன்னொரு நூல் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். "இவற்றால் முன்னுக்கு வந்தவர் எழுதியவர் ஒருவரே" என்று பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு. அப்படிப் பரிகாசம் செய்பவர்களின் வீட்டு அலமாரியிலும் இரண்டு பிரதிகள் இருக்கக் கூடும்.

பரிகாசத்தை ஒரு புறம் வைத்துவிட்டு இந்தச் சரக்கின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்க்கலாம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் என்னும் ஆலை நகரத்தில், 1845-ஐ ஒட்டிய காலத்தில், இரண்டு மூன்று ஏழை வாலிபர்கள் குளிர்கால இரவுகளில் ஒன்று கூடி, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று ஆரம்பித்தார்கள். கூட்டம் நூறு பேர் அளவுக்குப் பெருகிவிட்டது. கூடுவதற்கு இடமில்லை. முன்பு காலராக்காரர்களைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையை யாரும் வாடகைக்கு எடுக்க அஞ்சினார்கள். இவர்கள் அதையே எடுத்துக் கொண்டார்கள். அங்கே வந்து பேசும்படி ஸாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஸ்காத்லாந்துக்காரரை அழைத்தார்கள். வைத்தியம் படித்துப் பத்திரிகாசிரியரானவர் அவர். அந்தப் பிரசங்கங்களே விரிந்து 1859-ல் 'ஸெல்ப் ஹெல்ப்' என்ற நூலாயின. முதல் வருஷத்தில் மட்டும் 20,000 பிரதிகள் செலவாயின. இன்று நாம் கடையில் பார்க்கும் அத்தனை நூல்களுக்கும் பெயரைக் கொடுத்த மூதாதை இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வாலிபர்கள் புஸ்தகத்தைப் படித்துவிட்டுக் கிளம்பியவர்களல்லர். அவர்கள் கிளம்பிய பிறகுதான் புஸ்தகம் பிறந்தது. மேலும், அவர்கள் செய்தது தனியொருவன் தன்னைத் தானே தூக்கி விட்டுக்கொள்ளும் வித்தையும் அன்று. ஒருவருக்கொருவர் கை கொடுத்தது. நூலின் பெயரில் உள்ள 'ஸெல்ப்' என்ற சொல் பலரை மயக்கிவிட்டது. சுயநலத்துக்கு ஸ்தோத்திரம் பாடுவதாக ஜனங்கள் நினைத்துவிட்டார்களே என்று ஸ்மைல்ஸே பிந்திய பதிப்பின் முன்னுரையில் வருத்தப்பட்டார்.

பல வருஷங்கள் கழித்து ஒரு மாலையில், அந்தப் பழைய கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் ஸ்மைல்ஸைத் தேடி வந்தார். அவர் இப்போது ஆட்களை வைத்து வேலை வாங்கும் இரும்பு வார்ப்புத் தொழிலதிபர். "தங்கள் வார்த்தைகளே என்னை இந்த நிலைக்குக் கொண்டு வந்தன" என்ற பொருள்பட நன்றி சொல்லிச் சென்றார். அந்தச் சந்திப்புத்தான் நூலை எழுதி முடிக்கத் தூண்டியதாம். சந்தோஷமான விஷயமே. ஆனால் முன்னேறாமற் போனவன் நன்றி சொல்லக் கதவைத் தட்ட மாட்டான் அல்லவா? இவ்வகை நூல்களுக்குக் கிடைக்கும் நற்சாட்சிப் பத்திரங்களில் எல்லாம் இந்தக் குறை ஒளிந்திருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, பழுத்த பழம் தானாகவே விழுந்ததா என்று யார் கண்டார்கள்?

ஜப்பானின் கதையும் அத்தகையதே. நாகமுரா மஸநாவோ என்ற பண்டிதர் ஸ்மைல்ஸின் நூலை மொழிபெயர்த்து 1871-ல் வெளியிட்டார். பல லட்சம் பிரதிகள் பரவின. தறியில் புதுமை செய்த தச்சர் மகன் டொயோடா ஸாகிசி அதைப் படித்தவர் என்பது பிரசித்தம். நூலின் மகிமை என்று சொல்லலாம். ஆனால் அந்த வருஷங்களிலேதான் அங்கே குலத்தொழிற் கட்டுப்பாடுகள் சட்டத்தினால் அகற்றப்பட்டன. திறந்த கதவுக்கு எதிரே நின்றவனிடம் "நட" என்று சொன்னது புஸ்தகம். கதவைத் திறந்தது புஸ்தகம் அன்று.

கதவு மூடியே இருந்த இடத்தில் இப்படி ஒரு நூல் என்ன செய்தது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906-ல் நிறுவினார். 1908-ல் பின்ஹே துரை அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அது அப்பீலில் குறைந்ததேயன்றிச் சிறைவாசம் நீங்கவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையிலே மாட்டைப் போலச் செக்கிழுத்தார். அந்தச் சிறைவாச காலத்தில் அவர் தமிழாக்கியவற்றுள் ஒன்று ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் 1903-ல் வெளியிட்ட சிறு நூல். தமிழில் அதன் பெயர் 'மனம் போல வாழ்வு.'

ஆலன் சொல்வது என்ன? மனிதனுடைய புறநிலைகள் அவனது எண்ணங்களிலிருந்தே விளைகின்றன என்பது. இதைக் கைதி உடையில் இருந்தவர் மொழிபெயர்த்தார்! செக்கும் சிறையும் பிள்ளையவர்களின் எண்ணத்தில் விளைந்தவை என்று யார் ஒப்புவார்கள்? அவை வெள்ளைக்கார ஸர்க்காரின் எண்ணத்தில் விளைந்தவை. உடம்பைத்தான் அவர்கள் நுகத்தில் பூட்ட முடியும் என்ற பொருளில் அவர் அந்த நூலைப் பற்றிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1912-ல் விடுதலையானார். (ஆலன் காலமானதும் அதே வருஷத்தில்தான்.) வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் ஸன்னதும் பறிபோயிருந்தது. வறுமை அவரை நீண்ட காலம் விடவில்லை. அவர் எண்ணங்களில் என்ன குறை கண்டு வறுமை வந்தது? ரூபாய்த் தராசில் நிறுத்தால் 'மனம் போல வாழ்வு' தோற்ற நூல். ஆனால் அதே மனிதர் பின்னர்த் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936-ல் கண் மூடும் வரையில் தலை குனியவில்லை. அந்தத் தராசுக்கு நம் கடைகளில் எடைக் கல் கிடையாது.

ஆகவே, கடனில் மூழ்கியவனிடம் "உன் எண்ணமே உன் வறுமைக்குக் காரணம்" என்று ஒரு நூல் சொன்னால், கடனோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்து இரண்டு சுமையாகிறது. இது என் ஊகம் மாத்திரமன்று. கானடாவில் வாட்டர்லூ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோவன் வுட் என்ற அம்மையாரும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தம்மைத் தாமே புகழும் ஒரு வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளச் செய்தார்கள். தன்னம்பிக்கை மிகுந்தவர்களுக்கு அது சிறிது உற்சாகம் தந்தது. தன்னம்பிக்கை குன்றியவர்களுக்கோ முன்னிலும் மனம் தளர்ந்தது. மருந்து யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கே அது ஆகவில்லை!

வேடிக்கையான சோதனை இன்னொன்று. அமெரிக்காவில் ஜெரால்டு ரோஸன் என்னும் மனோதத்துவ அறிஞர் 1970-களில், பாம்புப் பயத்தை வீட்டிலிருந்தபடியே போக்கிக்கொள்ள எழுத்து மூலமான முறை ஒன்றைச் சோதித்தார். பாதிப் பேர் முழுவதும் செய்து முடித்தார்கள்; அவர்கள் பயம் நன்கு குறைந்தது. பிறகு அதை இன்னும் மேம்படுத்த எண்ணி, செய்து முடித்தால் தமக்குத் தாமே பரிசு கொடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்றையும் சேர்த்தார்கள். திருத்திய முறையை ஒருவர்கூடச் செய்து முடிக்கவில்லை! நல்ல எண்ணத்தோடு எழுதினால் மட்டும் போதாது, கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று ரோஸன் பிற்காலமெல்லாம் எச்சரித்து வந்தார்.

கொடுத்துப் பார்த்துத் தேறிய நூல்களும் உண்டு. மனச்சோர்வைப் பற்றி டேவிட் பர்ன்ஸ் என்ற வைத்தியர் 1980-ல் எழுதிய நூல் அவற்றுள் ஒன்று. ஸ்கோகின் என்பாரும் சகாக்களும் அதை, கடுமையல்லாத மனச்சோர்வுற்ற முதியவர்களிடம் கொடுத்து, நான்கு வாரம் படிக்கச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை டெலிபோனில் இரண்டு வார்த்தை விசாரித்தார்கள். இன்னொரு பிரிவினரைக் காத்திருக்கச் செய்தார்கள். 1989-ல் வெளியான முடிவின்படி, படித்தவர்களின் சோர்வு காத்திருந்தவர்களுடையதைவிடத் தெளிவாகக் குறைந்தது. இந்நூல் கோடீசுவரனாக்குவதாகச் சொல்லவில்லை. இன்ன எண்ணம் வந்தால் காகிதத்தில் எழுது, அது மெய்யா பொய்யா என்று இப்படிச் சோதி என்று பயிற்சி கொடுத்தது. சமையற் புஸ்தகத்தைப் படித்தால் மட்டும் பசி தீராது. அடுப்பு மூட்ட வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரிந்ததுதானே!

வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரில், நீல் ப்ரூட் என்பவரின் யோசனைப்படி 2003-ல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. டாக்டர் மருந்துச் சீட்டைப் போலப் புஸ்தகச் சீட்டு எழுதிக் கொடுப்பார். நோயாளி பொது நூல்நிலையத்தில் அந்த நூலை இலவசமாக வாங்கிப் படிப்பார். 2013-ல் இங்கிலாந்து முழுவதற்கும் இத்தகைய திட்டம் வந்தது. எல்லா நூலுக்கும் அங்கே இடமில்லை. தேர்ந்தெடுத்த ஒரு ஜாபிதா உண்டு.

பொது நூல்நிலையச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-லேயே வந்துவிட்டது. அலமாரிகள் இருக்கின்றன, சுய முன்னேற்ற நூல்களும் அவற்றில் நிறைய இருக்கின்றன. தமிழில் வரும் நூல்களையும் அவ்விதமே கொடுத்துப் பார்ப்பது பிரமாதமான காரியம் ஒன்றுமில்லை. ஒரு புஸ்தகம், நூறு வாசகர்கள், நான்கு வாரம், வாரம் ஒருமுறை அக்கறையாக விசாரிக்க ஒரு மனிதர், அவ்வளவுதான் வேண்டும்.