இறகு முளைத்த டைனோசர்

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. வரவேற்பறை விளக்கை அணைத்துவிட்டு, மகனுடன் ‘ஜுராசிக் பார்க்’ பார்க்க உட்கார்ந்தேன். அவனுக்கு எட்டு வயது. 1993ல் என் அப்பா அந்தப் படத்துக்கு என்னைத் திரையரங்கிற்கு அழைத்துச் சென்றபோது எனக்கும் அதே வயது.

அப்பாவுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. கப்பல் பட்டறையில் வேலை முடித்து வந்த களைப்பில் பாதிப் படத்திலேயே உறங்கிவிடுவார் என்று நினைத்தேன். கொட்டும் மழையில் நின்ற காருக்குள் குவளைத் தண்ணீர் வட்ட வட்டமாய் அதிர்ந்த காட்சியில், என் கையை முதலில் பிடித்தது அவர்தான்.

அன்றிலிருந்து நான் அந்தப் படத்தின் ரசிகன். அதைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் டைனோசர்கள் திரையில் வருவது ஏறக்குறைய 15 நிமிடங்கள்தான். அதிலும் பல காட்சிகளில் இருப்பவை ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் செய்த இயந்திர உருவங்கள். குவளைத் தண்ணீரை அதிரவைத்தது ஒரு கிட்டார் தந்தி. டி-ரெக்சின் கர்ஜனைக்குள் குட்டி யானை, புலி, முதலையின் குரல்கள் கலந்திருக்கின்றன. படம் மூன்று ஆஸ்கார் விருதுகளை வென்றது.

இதையெல்லாம் மகனிடம் சொல்லிக்கொண்டே பார்த்தேன். தண்ணீர் அதிர்ந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “நீ பயந்துடக் கூடாதுன்னுதான் பிடிச்சேன்,” என்றேன். அவன் சிரித்தான்.

சமையலறைக்குள் வெலோசிராப்டர்கள் நுழைந்தன. நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அவனோ, “அப்பா, இது தப்பு,” என்றான். “வெலோசிராப்டர் இவ்வளவு உயரம் இல்லை. வான்கோழி அளவுதான். உடம்பெல்லாம் இறகு இருக்கும்.”

அவன் சொன்னது சரிதான். மங்கோலியாவில் கிடைத்த வெலோசிராப்டரின் முன்கை எலும்பில், இறகுகள் பொருந்தியிருந்த மேடுகளை 2007ல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஆனாலும் எனக்கு முகம் வாடிவிட்டது. யாரோ என் அப்பாவைக் குறை சொன்னதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் அவனை லீ கோங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துச் சென்றேன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2015ல் திறக்கப்பட்ட இடம் அது. அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டி எடுக்கப்பட்ட பிரின்ஸ், அப்போலோனியா, டுவிங்கி என்ற மூன்று நீள்கழுத்து டைனோசர்களின் எலும்புக்கூடுகள் அங்கே நிற்கின்றன. செந்தோசா யுனிவர்சல் ஸ்டூடியோசில் ஜுராசிக் பார்க் படகுச் சவாரி என்றால் கூச்சலிடுபவன், இங்கே வாய் பேசாமல் நின்றான். பிறகு கேள்விமேல் கேள்வி. இவ்வளவு நீளக் கழுத்தை எப்படித் தூக்கியது? வால் எதற்கு? எனக்குப் பாதிக்குமேல் பதில் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில் படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. புதைபடிவம் தோண்டும் டாக்டர் கிராண்ட், டைனோசர்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள உறவைத்தான் அங்கே விளக்குவார். டைனோசர் என்றாலே மந்தமான பெரிய பல்லி என்று நினைத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படம் அப்போதே பறவையைக் காட்டிவிட்டது. இறகுத் தடங்களுடன் ஒரு டைனோசர் சீனாவில் கண்டறியப்பட்டது அதற்குப் பிறகு, 1996ல்தான். 2022ல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட் டொமினியன்’ படத்தில் இறகுள்ள டைனோசரே ஓடியது. சிறு வயதில் ‘ஜுராசிக் பார்க்’ பார்த்ததால்தான் இந்தத் துறைக்கு வந்தோம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர். படத்தின் தவறுகளைத் திருத்துபவர்களில் அதன் ரசிகர்களும் இருக்கிறார்கள். என் மகனும் அந்த வரிசையில் வந்து நிற்கிறான். இதில் நான் வருந்த என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட வந்தார். பேரன் விடவில்லை. வான்கோழி, இறகு, மங்கோலியா என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

“அட, கோழிக்கா அன்னைக்கு உங்கப்பன் அந்த நடுங்கு நடுங்கினான்?” என்று சிரித்தார் அப்பா.

“நீங்கதான் முதல்ல கையைப் பிடிச்சீங்களாம், தாத்தா!”

“அவன் பயந்துடக் கூடாதுன்னுதான் பிடிச்சேன்,” என்றார் அப்பா.

மகன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.