இலவசச் செயலியின் பழுதை நீக்குபவர் யார்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐ ஏற்கும் வன்பொருள் தகுதி பல பழைய கணினிகளுக்கு இல்லை. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. புதிய கணினி வந்ததும் அவர்கள் முதலில் நிறுவ முயல்வது வாட்ஸ்ஆப், டெலிகிராம் போன்ற செயலிகளைத்தான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

பணி ஓய்வுக்குப் பின், எங்கள் குடியிருப்பிலுள்ள மூத்த குடிமக்கள் சிலருக்குக் கணினிப் பயன்பாட்டில் உதவி வருகிறேன். அவர்கள் சொல்லும் குறைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். செயலி திறக்கிறது, ஆனால் உள்ளே செல்ல முடியவில்லை. பழைய செய்திகளைக் காணவில்லை. பேசினால் எதிர்முனையில் கேட்கவில்லை. இவற்றில் பெரும்பாலானவை பழுதே அல்ல. ஆனால், பழுது என்ற அச்சம் பழுதைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கிவிடுகிறது.

பொருளியலில் 'மற்றவை மாறாதிருக்கையில்' என்றொரு நிபந்தனை உண்டு. 1890-இல் வெளியான தமது நூலில் ஆல்ஃபிரட் மார்ஷல் பெரிதும் கையாண்ட முறை அது. பல காரணிகள் பின்னிக் கிடக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து விளைவைக் காண வேண்டும். கணினிச் சிக்கலுக்கும் இதுவே பொருந்தும். செயலி இயங்காவிட்டால், அதே சேவையை உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே இயங்கினால் இணையமும் கணக்கும் சரியாக உள்ளன. குறை செயலியில் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மீண்டும் நிறுவினால் போதும். உலாவியிலும் இயங்காவிட்டால், வீட்டு இணைப்புக்குப் பதிலாகக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துப் பாருங்கள். இப்போது இயங்கினால், குறை வீட்டு இணைப்பில். அப்போதும் இயங்காவிட்டால், கணினியின் அமைப்புகளில்.

அமைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது தேதியும் நேரமும். பாதுகாப்பான ஒவ்வோர் இணையத் தொடர்பும் ஒரு மின்னணுச் சான்றிதழைச் சார்ந்தது. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள்காட்டி பிழையாக இருந்தால், செல்லத்தக்க சான்றிதழையும் அது செல்லாதது என்று கருதித் தொடர்பை மறுத்துவிடும். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் வசதியை இயக்கி, நேர மண்டலத்தை இந்தியாவுக்கு உரியதாக வைத்தால் இச்சிக்கல் தீரும்.

அடுத்தது, 'பழைய செய்திகள் அழிந்துவிட்டன' என்ற பதற்றம். வாட்ஸ்ஆப் 2016-ஆம் ஆண்டிலேயே இருமுனைக் குறியாக்க முறைக்கு முழுமையாக மாறிவிட்டது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க இயலாத முறை இது. உரியவரிடம் சேர்ந்த செய்தியை நிறுவனம் தன் வழங்கியில் வைத்திருப்பதில்லை. அது நம் கைப்பேசியில் இருக்கிறது. க்யூஆர் குறியீட்டைக் காட்டிப் புதிய கணினியை இணைக்கும்போது, அண்மைக் காலச் செய்திகளின் படியைக் கைப்பேசிதான் அனுப்புகிறது. ஆகவே, சிறிது நேரம் கைப்பேசியில் செயலியைத் திறந்து, இணையத் தொடர்புடன் வைத்திருக்க வேண்டும். மிகப் பழைய செய்திகள் கணினிக்கு வராமல் போகலாம். கைப்பேசியில் அவை பத்திரமாகவே இருக்கும். டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களோ வழங்கியில் சேமிக்கப்படுபவை. எனவே, அவை உடனே தோன்றிவிடும். இது தரவேறுபாடு அன்று. சேமிக்கும் இடத்தின் வேறுபாடு.

குரல் கேட்கவில்லை என்றால், விண்டோஸ் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் ஒலிவாங்கிக்கும் கேமராவுக்கும் அனுமதி தரப்பட்டுள்ளதா என்று பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இவ்வளவு எளிய விளக்கத்தை அந்த நிறுவனங்களே தொலைபேசியில் ஏன் சொல்வதில்லை? இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. ஒரு காலத்தில் வாட்ஸ்ஆப் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டாலர் சந்தா வசூலித்தது. 2016-இல் அதைக் கைவிட்டது. இன்று அதன் வருவாய் வணிக நிறுவனங்களிடமிருந்து வருகிறது. விலை கொடுப்பவரே வாடிக்கையாளர்; விலை கொடுக்காத நாம் பயனாளர்கள். கோடிக்கணக்கான பயனாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்ல ஆள் அமர்த்துவது செலவு, வரவு ஏதுமில்லை. எனவே, பழுது பார்க்கும் உழைப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது. சந்தா இல்லாத சேவைக்கு நாம் செலுத்தும் மறைமுக விலை அது.

சட்டமும் இங்கே பெரிதாகத் துணைக்கு வருவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'சேவை' என்பதன் இலக்கணத்திலிருந்து கட்டணமின்றி அளிக்கப்படும் சேவையை விலக்கியிருக்கிறது. தகவல் தொழில்நுட்ப விதிகள், 2021, ஐம்பது லட்சத்துக்கு மேல் பயனாளர்களைக் கொண்ட சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவில் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கின்றன. புகாரைத் தீர்க்க அவற்றுக்குப் பல நாள்கள் அவகாசம் உண்டு. வெளிநாட்டிலுள்ள மகளுடன் இன்று மாலை பேச வேண்டியவருக்கு அதனால் என்ன பயன்?

இந்த வெற்றிடத்தைத்தான் மோசடிக்காரர்கள் நிரப்புகிறார்கள். செயலியின் பெயருடன் 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று தேடினால், போலி எண்கள் முன்னே வந்து நிற்கக்கூடும். மறுமுனையில் பேசுபவர் கனிவாகவே பேசுவார். கணினித் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார். அல்லது கைப்பேசிக்கு வந்த குறியீட்டைக் கேட்பார். முதலாவதைச் செய்தால் வங்கிக் கணக்கும், இரண்டாவதைச் செய்தால் உரையாடல்களும் அவர் கைக்குப் போய்விடும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல், பழைய கார்ச் சந்தையைக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில், கெட்டது நல்லதைத் துரத்திவிடும். தேடுபொறிப் பக்கம் இன்று அத்தகைய சந்தை. தேடிக் கிடைத்த எண்ணை அழைக்காதிருப்பதே முதல் பாதுகாப்பு. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

புதிய கணினியின் பரபரப்பில் பழையதை மறந்துவிடுகிறோம். அதைப் பழைய பொருள் வாங்குபவரிடம் விற்கிறோம், அல்லது எவருக்கேனும் கொடுத்துவிடுகிறோம். நம் கணக்கு அதில் திறந்தபடியே இருந்தால், அடுத்து அதை இயக்குபவர் நம் குடும்பச் செய்திகளையும் ஆவணங்களையும் படிக்க முடியும். கைப்பேசியில் வாட்ஸ்ஆப் அமைப்புகளில், இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. பழைய கணினியின் பெயரைத் தொட்டு வெளியேற்ற ஒரு நிமிடம் போதும். அறிமுகமில்லாத சாதனம் ஏதேனும் இணைந்துள்ளதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இவையெல்லாம் பத்து நிமிட வேலை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் முதியோர் இல்லங்களில்தான் சிக்கல். அவர்களோடு பேசுவதற்கான கருவியைச் சரிசெய்ய அவர்களே அருகில் இல்லை. தனிநபர் திறமைக்கு இதை விட்டுவிட முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கென்று புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியே உருவான நூலகங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. கிளை நூலகங்களில் வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம், அருகிலுள்ள கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருவர் அமர்ந்து முதியோரின் கணினி, கைப்பேசி ஐயங்களைத் தீர்க்கலாம். கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது, கருவியை முதியவரே இயக்க வேண்டும் என்ற இரண்டு விதிகள் போதும். சந்தை அளிக்க மறுக்கும் சேவையைச் சமூகம் அளிப்பதே பொதுப்பண்டம். அதற்கான இடமும் ஆட்களும் நம்மிடம் இருக்கின்றன. நூலகத் துறையின் ஒரு சுற்றறிக்கை மட்டுமே தேவை.