உண்ணி ஆட்டில் இல்லை, பட்டியில் இருக்கிறது

கடையம் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராவுக்கு ஒரு இடம், மறுநாள் வேறு இடம். எருவுக்காகச் செய்யும் இந்த ஏற்பாடு உண்ணிக்கும் நல்ல தடுப்பு. எப்படின்னு பார்ப்போம்.

வயிறு முட்ட ரத்தம் குடித்த பெண் உண்ணி ஆட்டிலிருந்து கீழே விழும். மண்வெடிப்பிலும் சுவர் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சு பொரிக்கச் சில வாரம் ஆகும். அதற்குள் கிடை நகர்ந்துவிடும். நிலையான பட்டியில் அப்படியில்லை. அதே ஆடுகள் அங்கேயேதான் படுத்திருக்கும்.

ஆகவே எந்தப் பூச்சி எங்கே குடியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

உண்ணி, தெள்ளுப்பூச்சி: முட்டையிலிருந்து வளர்வது பெரும்பாலும் தரையில். ஆட்டோடு பட்டிக்கும் வைத்தியம் வேண்டும். எருவை அள்ளி, வெடிப்பைப் பூசி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்.

பேன், சொறிப்பூச்சி: வாழ்நாள் முழுக்க ஆட்டின் மேல்தான். ஒரு ஆட்டை விட்டாலும் மறுபடி பரவும். அதனால் மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து. பல மருந்துகள் முட்டையைக் கொல்லாது. சுமார் 2 வாரம் கழித்து இன்னொரு தடவை அவசியம்.

மருந்துக்குளியல் பழைய முறை. 1852-ல் இங்கிலாந்தின் வில்லியம் கூப்பர் ஆர்சனிக், கந்தகம் சேர்த்த பொடியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்றவை. குளிப்பாட்டும் முன் ஆடு வயிறார தண்ணீர் குடித்திருக்கணும். தாகத்தில் மருந்துத் தண்ணியைக் குடித்துவிடும். காயம்பட்டவை, நிறைசினை ஆடுகள் வேண்டாம். வெயில் வரும் காலைதான் தோது.

மூலிகை முறையும் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, வெயில் நேரத்தில் உடம்பெல்லாம் தெளிக்கணும். வாரம் ஒருமுறை, பட்டி இடுக்குகளிலும் சேர்த்து.

கடைசியாக ஒன்று. டெல்டாமெத்ரின் மீனுக்குக் கொடிய விஷம். குளியல் முடிந்த தண்ணியை வாய்க்காலில் விட்டால் குளத்துக்குப் போகும்; ராமநதிக்கும் போகும். நீர்நிலைக்கும் கிணற்றுக்கும் எட்டாத மேட்டில் குழி வெட்டி ஊற்றுங்கள். அளவை லேபிளைப் பார்த்தே கலக்குங்கள். குறைத்துக் கலந்தால் பிழைக்கும் உண்ணிகள் அந்த மருந்தைத் தாங்கப் பழகிய வம்சத்தைத்தான் பெருக்கும். அப்புறம் சரியான அளவு ஊற்றினாலும் கேட்காது.